கதை எழுத ஆசை, டிகிரிக்கு எந்தப் பாடம் எடுப்பது? (குடியாத்தம்)

கௌண்டன்யாக்கரை

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். அரசுப் பள்ளி, தமிழ் வழி, காமர்ஸ் குரூப். 600க்கு 489. தமிழில் 96, ஆங்கிலத்தில் 71.

எட்டாம் வகுப்பிலிருந்து கதை எழுதுகிறேன். எழுத்தாளர் ஆக வேண்டும் என்று வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், திட்டவில்லை. நைனா ஒரு லுங்கிக் கடையில் கணக்கு எழுதுகிறார், அதனால் பி.காம். போ என்கிறார். தமிழ் ஐயா பி.ஏ. தமிழ்தான் உனக்கு என்கிறார். சென்னையில் இருக்கும் பெரியம்மா மகன் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) எடு, சினிமாவுக்கு எழுதலாம் என்கிறான். பி.ஏ. இங்கிலீஷ் படித்தால் உலக இலக்கியம் எல்லாம் தெரியும் என்று ஒரு அக்கா சொன்னார்.

விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. ஹாஸ்டலில் விட மாட்டார்கள். குடியாத்தம் அல்லது வேலூர், தினமும் போய் வரும் தூரத்தில்தான் படிக்க முடியும். எழுதுகிறவர்களும் படித்தவர்களும் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

பி.காம். எடு. எழுத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டேரி வாத்தியார்

மேலே ஒரே வரியில் தீர்ப்பு எழுதியவருக்கு வணக்கம். நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒவ்வொரு ஜூன் மாதமும் உங்களைப் போல நாலு பேர் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பி.ஏ. தமிழ் கதை எழுதச் சொல்லித்தரும் படிப்பு இல்லை. படைப்பிலக்கியம் என்று ஒரு தாள் சில இடங்களில் உண்டு. அதையும் பெரும்பாலும் குறிப்பு கொடுத்துத்தான் நடத்துவோம், நானும் அப்படித்தான். மற்றபடி நன்னூல், தொல்காப்பியம், நம்பியகப்பொருள், புறப்பொருள் வெண்பாமாலை, யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், சங்க இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம், சிற்றிலக்கியம், கடைசியில் இக்கால இலக்கியம். நாவல் படிக்கலாம் என்று ஆசையோடு வருகிற பிள்ளை முதல் வருடம் எழுத்திலக்கணத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடும்.

ஆனால் அந்தக் கொட்டாவியைத் தாண்டினால் கிடைப்பது சின்ன விஷயமில்லை. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று உண்டு. அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சிக்கு யாருமே இல்லை, ஒரு குருகு மட்டும் நின்றது என்கிறாள் தலைவி. தினைத்தாள் போல மெல்லிய கால் உள்ள அந்தக் குருகும் ஓடும் நீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தே அடி. அவளுடைய பயம் முழுவதும் அந்தக் குருகின் பார்வையில் இருக்கிறது. 'அவள் அஞ்சினாள்' என்று எங்கும் வராது. சிறுகதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. இப்படி நூறு பாட்டை மூன்று வருடம் வரி வரியாக உடைத்துப் பார்ப்பது வேறு எந்தத் துறையிலும் நடக்காது.

வேலை என்று கேட்டால் பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. பரீட்சை என்கிற வழக்கமான பாதைதான். நெரிசல் அதிகம்.

ஆம்பூர் லெதர்

வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் தமிழில் பேர் சொல்லும்படி எழுதியவர்கள் எத்தனை பேர் தமிழ் படித்தவர்கள்? நாஞ்சில் நாடன் கணிதத்தில் எம்.எஸ்சி., வேலைக்கு மும்பை போனவர். சுஜாதா திருச்சியில் இயற்பியல், அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ், வேலை பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில். ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கி.ரா. (கி. ராஜநாராயணன்) மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்டே புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர் ஆனார். நம் பக்கத்திலேயே பேரணாம்பட்டு அழகிய பெரியவன் பள்ளி ஆசிரியராக இருந்து எழுதுகிறவர்.

அதனால் எதைப் படித்தாலும் எழுத வரும். நான் டிப்ளமோ படித்து ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன், ராத்திரி கவிதை எழுதுகிறேன். யாரும் தடுக்கவில்லை.

வாலாஜா வாசகி

@ஆம்பூர் லெதர் அண்ணா, இந்தப் பட்டியலை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். பெயர் வாங்கியவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் படிப்பும் போதும் என்றுதான் தோன்றும். கணக்குப் படித்து எழுதாமல் போனவர்களை யார் எண்ணினார்கள்? ஜெயகாந்தன் ஐந்தாவதோடு நின்றார், சரி. அவருக்குப் படிப்புச் சொல்லித்தரக் கம்யூனிஸ்ட் கட்சியும் கட்சி அச்சகமும் இருந்தன. குடியாத்தத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த இடம் எங்கே? அவளுக்குக் கல்லூரிதான் அந்த இடம். அதனால் எது எடுத்தாலும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்ப முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஊர் மு.வ.வை (மு. வரதராசன்) விட்டுவிட்டீர்கள். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, தானாகப் படித்து வித்துவான் தேர்வு எழுதி, பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியர் ஆனவர். 1961ல் சாகித்ய அகாடமி. முறையாகத் தமிழ் படித்து நாவலும் எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. பெருமாள்முருகனும் அரசுக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர்தான்.

இனி ஆங்கிலம். நான் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் ஆங்கிலம், இப்போது மொழிபெயர்ப்பு வேலை. தங்கச்சி, 71 மதிப்பெண்ணை நினைத்துப் பயப்பட வேண்டாம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் தமிழ் வழி. ஆனால் முதல் வருடம் திணறும். சாசரில் ஆரம்பித்து மில்டன், ஷேக்ஸ்பியர் என்று போகும். புரியாததை உரைநூலில் படித்து மனப்பாடம் செய்து பாஸ் ஆகிறவர்கள்தான் அதிகம். உலக இலக்கியம் என்று யாரோ சொன்னது பாதிதான் உண்மை. பாடத்தில் பெரும்பகுதி பிரிட்டிஷ், அமெரிக்க, இந்திய ஆங்கில எழுத்து. ரஷ்ய நாவலோ லத்தீன் அமெரிக்க நாவலோ நீங்களாகத் தேடிப் படித்தால்தான் உண்டு. அதில் நிறையத் தமிழிலேயே கிடைக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த வருடங்களில் தமிழில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மண்டை முழுக்க ஆங்கில வாக்கியம். திரும்பி வந்து எழுதியபோது நான் எழுதியது மொழிபெயர்ப்பு மாதிரியே இருந்தது. அதைச் சரிசெய்ய என் பாட்டியோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. ஆனால் இன்று சோறு போடுவது அந்த ஆங்கிலம்தான், அதையும் மறைக்கக் கூடாது.

ஆற்காடு மக்கன்பேடா

விஸ்காம் படித்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. கேமரா, எடிட்டிங், விளம்பரம், போட்டோ, இதெல்லாம் நன்றாக வரும். திரைக்கதை ஒரு தாள், அதுவும் மேலோட்டம். பெரும்பாலும் தனியார் கல்லூரி, அல்லது சுயநிதிப் பிரிவு. பீஸ் கட்டியபிறகு குறும்படத்துக்குக் கேமரா வாடகை, லைட் வாடகை, ஆர்ட்டிஸ்டுக்குப் பிரியாணி எல்லாம் கைக்காசு. எழுதத்தான் ஆசை என்றால் இந்தச் செலவு எதற்கு? படமெடுக்க ஆசை இருந்தால் அது வேறு கதை.

ராணிப்பேட்டை பேரேடு

நான் பி.காம்., ஒரு தோல் தொழிற்சாலையில் அக்கவுன்ட்ஸ். கதையும் எழுதுகிறேன், சில இதழ்களில் வந்திருக்கிறது. பாடம் எதுவாக இருந்தாலும் சரி, படித்து முடித்தபின் வருகிற வேலை உங்கள் சாயந்திரத்தை விட்டுவைக்குமா என்று பாருங்கள். இதை யாருமே பேசவில்லை.

என் மாதம் ஜி.எஸ்.டி. தேதிகளில் ஓடுகிறது. 11ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் முன்னால் வரும் நாட்களில் பேனாவைத் தொட முடியாது. மார்ச் வந்தால் மாதமே போய்விடும். மீதி நாட்கள் என்னுடையவை, ஆறு மணிக்கு வெளியே வந்தால் மூளையில் ஒன்றும் ஒட்டியிருக்காது. எண்களோடு வேலை பார்ப்பதில் உள்ள நன்மை இதுதான், சொற்களைத் தீர்த்துவிடாது.

என் நண்பன் ஒருவன் எழுத்துத்தான் பிடிக்கும் என்று கன்டென்ட் ரைட்டர் வேலைக்குப் போனான். பகலெல்லாம் மெத்தை விளம்பரம், முடி எண்ணெய் விளம்பரம். ராத்திரி எழுத உட்கார்ந்தால் வாக்கியம் வரவில்லை என்கிறான். இப்போது அந்த வேலையையும் கம்ப்யூட்டரே எழுதித் தள்ளுகிறது என்று பாதிப் பேரை அனுப்பிவிட்டார்களாம்.

உங்கள் நைனா சொல்வதைக் கேலியாக எடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன். ஆனால் கணக்கே பிடிக்காது என்றால் மூன்று வருடம் நரகம்.

நடுகல்

யாரும் வரலாறு பக்கம் திரும்பவே இல்லையே. நான் பி.ஏ. வரலாறு, இப்போது பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு நம் ஜில்லாவில் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அகழியில் போட்டிங் இருக்கிறதா என்று கேட்கிற இடமாகத்தான் நமக்கு அது தெரியும். திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் குடும்பத்தோடு அதற்குள்தான் வைத்திருந்தார்கள். இலங்கையின் கடைசிக் கண்டி அரசன் விக்கிரமராஜசிங்கனையும் 1816ல் இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832ல் இங்கேயே செத்தான், அவன் சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த முத்து மண்டபத்துக்குள் போயிருப்பார்கள்?

1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்க் கலகம். வெள்ளை அதிகாரிகள் நம் சிப்பாய்களை நெற்றியில் சாதிக்குறி போடாதே, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்றார்கள். விடிவதற்கு முன்னால் நம் சிப்பாய்கள், வெள்ளைச் சிப்பாய்கள் படுத்திருந்த பாரக்ஸ் மேல் சுட ஆரம்பித்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். இது வரைக்கும் பத்தாம் வகுப்புப் பையனும் சொல்வான். வரலாறு படித்தால் அடுத்த கேள்வி கேட்கப் பழகுவீர்கள். இதை யார் எழுதி வைத்தது? சுட்டவன் சொன்னதா, சுடப்பட்டவன் சொன்னதா, விசாரணைக் கமிஷன் முன்னால் உயிருக்குப் பயந்து எவனோ சொன்னதா? ஒரே காலைப்பொழுதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் நாவலுக்குப் பாதி வேலை முடிந்தது.

செங்கம் பக்கம் போனால் நடுகற்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயர், எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எல்லாம் நாலே வரியில். சில கல்லில் அவனோடு நின்ற நாயும் இருக்கிறது. உங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர் என்றால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி எப்படி வீட்டுத் தொழில் ஆனது என்று தேடிப் பாருங்கள், ஒரு நாவல் அங்கேயே இருக்கிறது.

கௌண்டன்யாக்கரை

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அம்மா பீடி சுற்றுகிறவர்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் நடுகல் சார்? குடியாத்தம் என்றாலே அப்படித்தானா? :) இலை வெட்டுவது, தூள் போடுவது, நூல் கட்டுவது எனக்கும் தெரியும், லீவில் நானும் உட்காருவேன். ஆனால் ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். நான் கதை எழுதுவேன் என்றதும் எல்லோரும் 'அம்மா கஷ்டத்தை எழுது' என்கிறார்கள். பள்ளியில் போட்டிக்கு அனுப்பியபோதும் அதையே எழுதச் சொன்னார்கள், எழுதினேன், பரிசும் கொடுத்தார்கள். எனக்கு எழுதப் பிடித்தது துப்பறியும் கதை. கொலை நடக்க வேண்டும், யார் செய்தது என்று கடைசிப் பக்கம் வரை தெரியக் கூடாது. நோட்டில் இருப்பதெல்லாம் அதுதான். இதைச் சொன்னால் தமிழ் ஐயா முகம் சுருங்கிவிடும் என்று அவரிடம் காட்டியதில்லை.

நைனா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். எதையாவது படி, ஆனால் முடித்ததும் ஒரு பரீட்சை எழுதி வேலைக்குப் போகிற மாதிரி இருக்கணும். நியாயம்தான்.

ஆம்பூர் லெதர்

அடடா, துப்பறியும் கதையா! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நாஞ்சில் நாடனை விட்டுவிட்டு சுஜாதாவைப் பற்றி மட்டுமே பேசியிருப்பேன்.

ஓட்டேரி வாத்தியார்

முகம் சுருங்காது, கௌண்டன்யா. உங்கள் தமிழ் ஐயாவும் வாலிப வயதில் தலையணைக்கு அடியில் மாத நாவல் வைத்துப் படித்தவராகத்தான் இருப்பார். காட்டிப் பாருங்கள்.

சத்துவாச்சாரி ஜூனியர்

வெறும் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். துப்பறியும் கதை என்றதும் உள்ளே வந்துவிட்டேன். சத்துவாச்சாரி கோர்ட்டில் ஜூனியர் வக்கீல், கிரிமினல் பக்கம்.

நம் துப்பறியும் கதைகளில் இருக்கிற பெரிய குறை, எழுதுகிறவர் ஒரு கேஸ் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். இன்ஸ்பெக்டர் வருவார், பிணத்தைப் பார்ப்பார், 'விஷம்' என்பார். நிஜத்தில் எப்படி? சந்தேக மரணம் என்றால் முதலில் எப்.ஐ.ஆர். பழைய ஆட்கள் இன்னும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவை வைத்து '174' என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 194ஆவது பிரிவு. பிறகு பிரேத விசாரணை. ஊர்ப் பெரியவர்கள் சிலரைப் பஞ்சாயத்தார் என்று உட்காரவைத்து அவர்கள் கருத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் போஸ்ட்மார்ட்டம். உள்ளுறுப்புகளை எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் வரும் வரை டாக்டர் தன் இறுதிக் கருத்தையே நிறுத்தி வைத்திருப்பார். இந்தக் காத்திருப்பில்தான் கதை இருக்கிறது. சாட்சி மனம் மாறுவது, சமரசம் பேச ஆள் வருவது, மாமியார் வீட்டில் ஒருத்தர் மட்டும் ஊரை விட்டுப் போவது, எல்லாம் அப்போதுதான் நடக்கும்.

இன்னொரு இடமும் உண்டு. மகஜர். சம்பவ இடத்தில் என்ன கிடந்தது என்று போலீஸ் எழுதுகிற பட்டியல். 'ரப்பர் செருப்பு ஒற்றை, இடது கால், நீல வார்' என்று எழுதியிருக்கும். வலது கால் எங்கே என்று குறுக்கு விசாரணையில் கேட்போம். இதைவிட நல்ல ஆரம்பம் கதைக்கு எங்கே கிடைக்கும்?

அதனால் என் ஓட்டு சட்டம். பிளஸ் டூ முடித்து 5 வருடப் படிப்பும் உண்டு, டிகிரி முடித்து 3 வருட எல்.எல்.பி.யும் உண்டு. காட்பாடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆனால் ஜூனியராக முதல் சில வருடம் சீனியர் கொடுப்பது பஸ்ஸுக்கும் டீக்கும்தான் காணும். நைனாவின் நிபந்தனைக்கு உடனே ஒத்துவராது. அதனால் டிகிரி முதலில், சட்டம் அப்புறம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சேண்பாக்கம் அக்கா

பாப்பா, நான் எழுதுகிறவள் இல்லை, படிக்கிறவள். என் மகன் பி.ஏ. தமிழ் படித்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் 'தமிழா?' என்று இழுத்தார்கள். படித்து முடித்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதினான். அதில் மொத்தம் 200 கேள்வி, 100 கேள்வி தமிழ்தான். மற்ற பிள்ளைகள் அந்த 100க்கு உட்கார்ந்து புதுசாகப் படித்தபோது இவன் பொது அறிவுக்கு மட்டும் நேரம் கொடுத்தான். இப்போது ஜூனியர் அசிஸ்டென்ட். உன் நைனாவிடம் இதைச் சொல்.

அப்புறம் அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், எந்தப் பாடம் எடுத்தாலும். புத்தகம் வாங்க ஆகும்.

நடுகல்

அக்கா சொன்னது சரி. அதே பரீட்சையில் மீதி 100 கேள்வியில் வரலாறு, பண்பாடு, தேசிய இயக்கம், அரசியலமைப்பு எல்லாம் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரூப் 2வுக்குப் போனால் இன்னும் அதிகம். தமிழில் 96 எடுத்தவள் தமிழ்க் கேள்விகளை எப்படியும் சமாளிப்பாள். அவளுக்கு இல்லாதது மற்றப் பாதி.

துப்பறியும் கதை எழுதுகிறவருக்கும் வரலாறுதான் பொருந்தும் என்பேன். ஆதாரம் எது, யார் பொய் சொல்கிறார், ஏன் சொல்கிறார், எந்தத் தேதி இடிக்கிறது. நாங்கள் வேறு என்ன செய்கிறோம்?

ஓட்டேரி வாத்தியார்

நடுகல் ஆள் சேர்க்கிற வேகத்தைப் பார்த்தால் அவர் துறையில் சீட் காலியாக இருக்கிறது போல.

சரி, நேர்மையாகவே சொல்கிறேன். பகுதி ஒன்றில் தமிழ் எல்லாப் பாடக்காரருக்கும் உண்டு. வரலாறு எடுத்தாலும் செய்யுள், உரைநடை, இலக்கிய வரலாறு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் படிப்பீர்கள். அந்த வகுப்புகளை எல்லோரும் தூங்கக் கிடைத்த நேரமாகப் பார்க்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தமிழ்த் துறை வராண்டாவில் வந்து நின்றால் எந்த ஆசிரியரும் விரட்ட மாட்டார். வேறு இளங்கலை முடித்துவிட்டு எம்.ஏ. தமிழ் சேரவும் பல இடங்களில் வழி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆசிரியர் வேலைதான் குறி என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. மாற்றிப் படித்தவர்கள் முதுகலை ஆசிரியர் தேர்வில் தகுதிப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிக்கையைப் படிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. எழுத்துக்காக மட்டும் எம்.ஏ. தமிழ் என்றால் இந்தக் கவலை இல்லை.

காட்பாடி ஜங்ஷன்

இன்னும் பி.காம்.தான் என் பதில்.

ராணிப்பேட்டை பேரேடு

ஜங்ஷன் அண்ணனுக்கு விசுவாச விருது கொடுக்கலாம். நான் பி.காம்.காரன், நானே மாறிவிட்டேன். இந்தப் பெண் தன் பதிவில் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை ஆசையாகச் சொல்லவில்லை. செருப்பு வார் பற்றி எழுதினால் கண் விரிகிற ஆளை அக்கவுன்டன்சியில் உட்காரவைத்து என்ன பண்ணுவது?

@கௌண்டன்யாக்கரை, இன்னொரு கணக்கு. குடியாத்தத்திலேயே கிடைத்தால் குடியாத்தத்திலேயே சேருங்கள். வேலூர் போய் வர பஸ்ஸில் போக வர சேர்த்துக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் போய்விடும், கல்லூரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து இன்னும் கூடும். நின்றுகொண்டு நோட்டில் எழுத முடியாது. பெயர் பெற்ற கல்லூரி என்பதற்காக அந்த நேரத்தை விடாதீர்கள். வேலூரில் கிடைக்கிற ஒரே லாபம் மாவட்ட மைய நூலகம், அதற்கு சனிக்கிழமை போனால் போதும்.

வாலாஜா வாசகி

பேரேடு சொல்கிற நேரக் கணக்கில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பஸ்ஸில் போகிற பெண் நாலு விதமான பேச்சைக் கேட்கிறாள். உருது கலந்த தமிழ், தெலுங்கு கலந்த தமிழ், 'இஸ்துக்கினு வா' தமிழ், நர்சிங் படிக்க வந்த மலையாளப் பிள்ளைகளின் தமிழ். என் பாட்டிக்கு அப்புறம் எனக்குத் தமிழ் திரும்பக் கிடைத்தது வாலாஜா - வேலூர் பஸ்ஸில்தான். ஆனால் வீட்டில் போய் அடுப்பு வேலையும் இருக்கிறது என்றால் பக்கத்துக் கல்லூரிதான் சரி.

மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தையும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஆனந்த விகடன் நடத்துவது, எந்தப் பாடம் படிக்கிற கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். விஸ்காம் பீஸ் கட்டிக் கற்க வேண்டியதில் பாதியை அங்கே பணம் கட்டாமல் கற்கலாம். செய்தி எழுதினால் வாக்கியம் மெலியும். துப்பறியும் கதைக்கு அது ரொம்ப அவசியம்.

கௌண்டன்யாக்கரை

நேற்று ராத்திரி நைனாவோடு உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். பேரேடு அண்ணன் பதிவைக் கேட்டுவிட்டு 'இவன் கணக்குத் தெரிந்தவன்' என்றார். சேண்பாக்கம் அக்கா மகன் கதையைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தார். வக்கீல் சார் எழுதிய ஒற்றைச் செருப்பை அம்மா இன்னும் விடவில்லை, வலது கால் எங்கேடி என்று காலையில்கூடக் கேட்டார்.

முடிவு இதுதான். வரலாறு முதல் விருப்பம், தமிழ் இரண்டாவது, பி.காம். மூன்றாவது. குடியாத்தம் கல்லூரியை முதலிலும் வேலூரை அடுத்தும் போடுகிறேன். டிகிரி முடிக்கும்போது குரூப் 4 எழுதுவேன் என்று நைனாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவேன். சட்டம் பற்றி இப்போது வீட்டில் பேசவில்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டால் மொத்தமும் போய்விடும்.

ஒரு சந்தேகம். மூன்று பாடத்துக்கும் ஒரே கட்-ஆஃப்பா? 489ஐ வைத்து வரலாறு கிடைக்குமா?

ஓட்டேரி வாத்தியார்

ஒரே தரவரிசை இல்லை. அரசுக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை, பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து. மற்றப் பாடங்களுக்கு மொழிப் பாடங்களை விட்டு மீதி நாலு பாடம், 400க்கு. உங்களுடைய 96 தமிழில் உங்களை மேலே கொண்டுபோகும். வரலாற்றுக்கு அது உதவாது. அங்கே உங்கள் மதிப்பெண் 322, அதுவும் மோசமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மொழிப் பாடங்களுக்கான கலந்தாய்வு தனி நாளில் நடக்கலாம். தமிழ் நாளில் கூப்பிட்டு சீட் கொடுத்தால் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாற்றுக்குக் காத்திருப்பதா என்ற கேள்வி வரும். அந்தக் கல்லூரியின் சேர்க்கை உதவி மையத்தில் முன்பே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றும் ஒரிஜினல், ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ், போட்டோ. நைனாவையும் கூட்டிப்போங்கள், பீஸ் கட்டுகிற வரிசையில் நிற்க ஆள் வேண்டும்.

நடுகல்

தமிழ் சீட் முதலில் கிடைத்தால் வாங்கிக்கொள். நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஓட்டேரி வாத்தியார்

இதை எழுதியது நிஜமாகவே நடுகல்தானா, இல்லை அவர் ஐடியை யாராவது திருடிவிட்டார்களா?

சத்துவாச்சாரி ஜூனியர்

எப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். கௌண்டன்யா, அந்த நோட்டில் இருக்கிற கதையில் ஒன்றை இங்கே தனி இழையாகப் போடுங்கள். போலீஸ் நடைமுறையில் தப்பு இருந்தால் நான் சொல்கிறேன், பீஸ் கிடையாது.